யார் விரலுக்குத் திறக்கும்?

எனக்குக் கைபேசிப் பித்து உண்டு. கூட்டங்களில் என்னைக் கவிஞர், தமிழ்ப் பேராசிரியர் என்று அறிமுகப்படுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. புதிதாக ஒரு மாடல் வெளியானால் அதன் எடை எவ்வளவு, அகலம் எவ்வளவு, முதுகு கண்ணாடியா பிளாஸ்டிக்கா, ஒலிப் பொத்தான் எந்தப் பக்கம் என்று படித்துவிட்டுத்தான் அன்றைக்குத் தூங்குவேன். வாங்குவது என்னவோ நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆனாலும் ஜவுளிக்கடையில் எடுக்கப் போகாத புடவையையும் விரித்துக் காட்டச் சொல்வதுபோல, எல்லாவற்றையும் ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் எனக்கு.

நாமக்கல்லில் கைபேசிக் கடைக்குள் நானும் என் இணையரும் நுழைந்தால் பையன் அவரிடம்தான் போவான். "எந்த பட்ஜெட்ல பாக்கறீங்க சார்?" அவருக்கு ரீசார்ஜ் எப்போது முடிகிறது என்றுகூடத் தெரியாது. என்னைக் கைகாட்டுவார். பையன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். "மேடத்துக்கு கேமரா நல்லா இருக்கணும், அவ்ளோதானுங்களே?" இதில் இருப்பது யுஎஃப்எஸ் சேமிப்பகமா, பழைய இஎம்எம்சியா என்று நான் கேட்டதும் திரும்பவும் அவரிடமே போய், "மேடம் டெக்னிக்கலா கேக்கறாங்க சார்" என்பான். கேட்டது நான், பதில் அவருக்கு. ஒவ்வொரு முறையும் இதுதான்.

கல்லூரியில் நிலைமை வேறு. என் மாணவிகள் தமிழ்த்துறை வழக்கப்படி என்னை "அம்மா" என்று கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாமல் "போன் அம்மா" என்பார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் எது நல்லது என்று கேட்டுக்கொண்டு துறைக்கு வருவார்கள். நானும் பாடம் நடத்துகிற மும்முரத்தோடு சொல்வேன். அப்படிச் சொன்னதில் ஒன்று தவறாகப் போனது. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் பித்தின் தொடக்கத்தைச் சொல்லாமல் அதற்கு வர முடியாது.

என் அப்பா லாரி ஓட்டுநர். நாமக்கல் லாரி நாக்பூர், இந்தூர், கொல்கத்தா என்று போனால் திரும்பப் பதினைந்து இருபது நாளாகும். சிறுவயதில் அவர் குரல் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில்தான் வரும். 2005இல் அவர் நோக்கியா 1100 வாங்கினார். 2003இல் வெளிவந்து, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற மாடல் அது. எடை 86 கிராம். அகலம் 46 மில்லிமீட்டர். வியர்த்த கையிலிருந்து நழுவாமலிருக்கப் பக்கவாட்டில் வரிவரியாகப் பிடிப்பு. தூசி உள்ளே போகாதபடி ஒரே ரப்பர் விரிப்பாகச் செய்த விசைகள். உச்சியில் ஒரு டார்ச். நள்ளிரவில் எங்கோ வண்டியை ஓரங்கட்டி டயரைப் பார்க்கிற மனிதனுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்ததுபோல இருந்தது. ஒரு பொருளின் வடிவத்துக்குப் பின்னால் யாரோ ஒருவரின் வாழ்க்கையைக் கவனித்த கண் இருக்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த போன்தான். பித்து அங்கே தொடங்கியது.

அப்பா வீட்டில் இருக்கிறபோதும் அது அவருடைய சட்டைப்பையில்தான் இருக்கும். அம்மாவின் உடையில் சட்டைப்பை இல்லை. இரண்டு ஆண்டு கழித்து வீட்டுக்கென்று நோக்கியா 1200 வந்தது. ஒரே போனைப் பலர் பயன்படுத்தும் நாடுகளை மனத்தில் வைத்து அதில் ஐந்து தனித்தனி எண் புத்தகங்கள் வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதல் புத்தகம் அப்பாவுக்கு, இரண்டாவது தம்பிக்கு, மூன்றாவது எனக்கு. நான்காவதும் ஐந்தாவதும் காலியாகவே கிடந்தன. அம்மாவுக்கென்று ஒன்றை ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் அப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன், பெண்ணியக் கோட்பாடுகளை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மூன்று எண்களை மனப்பாடமாக வைத்திருந்தார். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தாங்களே பயன்படுத்தும் ஒரு கைபேசி இருப்பதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 54 விழுக்காடு. மற்றவர்கள் வீட்டிலும் போன் இருந்திருக்கும். யாருடையது என்பதுதான் கேள்வி.

பெண்களை நினைத்துச் செய்கிறோம் என்று நிறுவனங்கள் கிளம்பியதையும் பார்த்தேன். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது ஒரு அலை. சாம்சங்கின் ‘டிவா’வின் முதுகு மெத்தை தைத்ததுபோல இருக்கும். மைக்ரோமேக்ஸின் ‘பிளிங்’கில் கற்கள் பதித்திருந்தார்கள். ஹெச்டிசி நிறுவனம் 2011இல் கத்தரிப்பூ நிறத்தில் ‘ரைம்’ கொண்டுவந்தது. அதனோடு ஒரு கயிறு வரும். அதன் நுனிக் குமிழைக் கைப்பைக்கு வெளியே தொங்கவிட்டால் அழைப்பு வரும்போது ஒளிரும். மற்றவற்றைப் பார்த்து எரிச்சல்பட்ட நான் இதை மட்டும் மன்னித்தேன். போன் பைக்குள் கிடக்கும், எடுப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும் என்று யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார். மற்றவர்கள் எங்கள் நாளைக் கவனிக்கவில்லை. எங்கள் நகைப்பெட்டியைக் கவனித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பிறகு போன்கள் வளரத் தொடங்கின. சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் அகலம் 79 மில்லிமீட்டர், எடை 232 கிராம். ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் 227 கிராம். அப்பாவின் போனைப்போல இரண்டரை மடங்கு. என் கையில் வைத்தால் கட்டைவிரல் திரையில் பாதிதான் எட்டுகிறது. ‘இரண்டு கையால் பிடித்துக்கொள்’ என்பது கடைப் பையனின் பதில். இரண்டாவது கை காலியாக இருக்கிற பெண் எங்கே இருக்கிறாள் என்று அவனிடம் கேட்கவில்லை.

நான் கவிதை எழுதுவது பெரும்பாலும் சேலம் பேருந்தில் நின்றுகொண்டு. இடது கை கம்பியில், வலது கையில் போன். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005இலேயே கைபேசியில் தமிழ் எழுத வழிசெய்தது. அதை அறிந்த நாளிலிருந்து நோட்டுப்புத்தகத்தைத் தேடுவதில்லை. தமிழ்99 விசைப்பலகையில் ‘ஆ’ இடது மேல் மூலையில் இருக்கிறது. பெரிய திரையில் வலது கட்டைவிரலுக்கு மிகத் தூரமான எழுத்து அதுதான். ‘அவன்’ என்று எழுதிவிடலாம். ‘அவள்’ என்றும் எழுதிவிடலாம். ‘நான்’ என்று எழுத ‘ஆ’ வேண்டும். பேருந்து ராசிபுரத்தில் நிற்கிறவரை காத்திருந்து ‘நான்’ எழுதிய நாள்கள் உண்டு. சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மை.

இது எனக்கு மட்டும் நேர்வதல்ல என்று பின்னால்தான் தெரிந்தது. 2013இல் இஸ்தான்புல்லின் கெசி பூங்காப் போராட்டத்தில், கண்ணீர்ப்புகைக்கு நடுவே ஒரு கையால் படம் எடுக்க முடியாமல் போனதைப் பற்றிச் சமூகவியலாளர் செய்னெப் துஃபெக்சி எழுதினார். போன் ஆணின் கை அளவுக்குச் செய்யப்பட்டிருந்தது. 2019இல் வந்த ‘இன்விசிபிள் விமன்’ நூலில் கரோலின் கிரியாடோ பெரஸ் இதைப் பெரிய பட்டியலின் ஒரு பகுதியாக வைத்தார். ஆண் உடம்பைப் ‘பொது’ என்று எடுத்துக்கொண்டு காரும் போனும் மருந்தும் செய்யப்படுகிற கதை அது. 2020இல் ஆப்பிள் 5.4 அங்குலத் திரையோடு ஐபோன் 12 மினியைக் கொண்டுவந்தபோது கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கடையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். வாங்கும் வசதி இல்லை. அடுத்த ஆண்டு 13 மினி வந்தது. அதற்கடுத்த ஆண்டு மினி இல்லை. போதுமான விற்பனை இல்லை என்றார்கள். ஐம்பதாயிரத்துக்குமேல் விலை வைத்துவிட்டுச் சிறிய கைகளுக்கு ஆசை இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

இப்படியெல்லாம் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான் நான். இனி அந்தத் தவறு.

அவளைக் கயல் என்று வைத்துக்கொள்கிறேன். பெயரும் ஊரும் அவளுடையவை அல்ல. இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, தோட்டவேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தோடு வந்து போன் கேட்டாள். நான் ஒரு மாடலைச் சொன்னேன். அந்த விலைக்கு அதில் கைரேகை உணரி பிரமாதம். தொட்டதும் திறக்கும். "பேட்டர்ன் போட்டா பின்னாடி நிக்கறவங்க பாத்துருவாங்க. விரல்னா உன் விரல்தானே, யாரும் திருட முடியாது" என்று விளக்கமும் கொடுத்தேன்.

மூன்றாம் ஆண்டில் திடீரென்று வகுப்புக்கு வரவில்லை. ஒரு வாரம். இரண்டு வாரம். தோழிகள் முதலில் காய்ச்சல் என்றார்கள். பிறகு ஒருத்தி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: "அவ அண்ணன் ராத்திரி அவ தூங்கும்போது விரலை எடுத்து போன்ல வெச்சுட்டானுங்கம்மா."

உள்ளே இருந்தது உடன் படிக்கும் ஒருவனோடு பேசிய பேச்சு. பையன் வேறு சாதி. எங்கள் பக்கத்தில் இந்த இரண்டு வாக்கியத்துக்குமேல் விளக்கம் தேவைப்படாது. போன் கல்லில் அடிபட்டது. அவளும் அடிபட்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கைரேகை உணரி எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு எவ்வளவு ஆசையாகச் சொன்னேன். விரல் ரேகையின் மேடு பள்ளத்தை மின்னூட்ட வேறுபாடாக அளந்து படமாக்குகிறது, அரை விநாடிகூட ஆகாது என்றெல்லாம். அந்த விரலுக்கு உரியவள் விழித்திருக்கிறாளா, விரும்பித்தான் வைக்கிறாளா என்று உணரி கேட்பதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. வடிவமைத்தவருக்கு வழிப்பறித் திருடன்தான் எதிரி. பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் அண்ணன் அவர் கணக்கில் இல்லை. அது என் கணக்கிலும் இல்லாமல் போனதுதான் என் குற்றம். நான் இந்த ஊர்க்காரி. நோக்கியா 1200இன் காலிப் புத்தகங்களைப் பார்த்து வளர்ந்தவள்.

அதே கைரேகை என் அம்மாவுக்கு வேலை செய்யவே இல்லை. முப்பது ஆண்டு ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்குத் தோல் உரித்த கை அது. நான் வாங்கிக்கொடுத்த போனில் பதிய உட்கார்ந்தோம். விரலை எடுத்து மறுபடி வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. பத்து விரலையும் முயன்றோம். ரேகை தேய்ந்த விரலில் அளக்க மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. "வுடு கண்ணு, எனக்கென்ன ரகசியம்?" என்றார். பூட்டே இல்லாமல் வைத்திருக்கிறார். உழைத்த விரலுக்குத் திறக்காது, உறங்குகிற விரலுக்குத் திறக்கும். இந்த இரண்டையும் எந்த போன் விமர்சனத்திலும் நான் படித்ததில்லை. விநாடிக் கணக்கு மட்டும் போட்டிருப்பார்கள்.

கயல் வீட்டுக்குப் போனேன். துறையில் வேண்டாம் என்றார்கள், குடும்ப விஷயம் என்றார்கள். அவள் அப்பா ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை செய்தவர். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அண்ணன் வாசலில் நின்றான். அவள் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை.

"பொட்டப் புள்ளைக்கு எதுக்குங்க டச் போனு? நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்களாமே?" என்றார்.

பெண்ணுரிமை பற்றி எனக்குத் தெரிந்த எதையும் அங்கே பேசவில்லை. ஆமாம், நான் சொன்ன போன்தான் என்றேன். இன்னும் ஒரு பருவம்தான் இருக்கிறது, பட்டம் வாங்காமல் நிறுத்தினால் மூன்று ஆண்டுச் செலவும் வீண் என்றேன். இனி பட்டன் போன் போதும் என்றேன். கடைசியில் சொன்னது எனக்கே கசந்தது. ஆனால் அதற்குத்தான் அவர் தலையசைத்தார். திங்கட்கிழமை கயல் வந்தாள், ஒரு பட்டன் போனோடு. முன்வரிசையில் உட்காராமல் சன்னலோரம் உட்கார்ந்தாள். நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் தேர்வு எழுதினாள் என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு போன் கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "வீட்ல யார்கூடத் தூங்கற?" என்பதுதான். பிறகு இவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். போனை அணைத்து மீண்டும் இயக்கினால் முதல்முறை விரலோ முகமோ செல்லாது, கடவுஎண் கேட்கும். அதனால் படுக்கும்முன் அணைத்துவிடுங்கள். அல்லது ஒருமுறை மீண்டும் இயக்கி எண்ணைப் போடாமல் வையுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் ‘லாக்டவுன்’ என்றொரு வசதி இருக்கிறது. அணைக்கும் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் இருக்கும், சில மாடல்களில் அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும். அதைத் தட்டினால் கைரேகை செயலிழந்து எண் மட்டுமே திறக்கும். புதிய ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் இதே பயன். முகத்தால் திறக்கும் போன்களில் ‘கண் திறந்திருக்க வேண்டும்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். எண் ஆறு இலக்கமாக இருக்கட்டும். பிறந்தநாள் வேண்டாம், அண்ணனுக்குத் தெரியும். அடித்துக் கேட்டால் எந்த எண்ணும் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தூக்கத்தில் எடுக்க முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கும்போது அவள் விழித்திருப்பாள்.

கயலுக்கு ஓசூர் பக்கம் ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. கைபேசி உதிரிபாகம் செய்கிற ஆலை. சங்க இலக்கியத்தில் தொண்ணூறு மதிப்பெண் எடுத்தவள் கைபேசிச் சட்டங்களைப் பரிசோதிக்கிறாள். சேலம், நாமக்கல், தருமபுரிப் பெண்கள் நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள். இது புதிதும் அல்ல. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தபோதே இளம்பெண்கள்தான் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2010இல் அங்கே ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. 2021 டிசம்பரில், ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் பெண்கள் விடுதி உணவால் நோயுற்றதை எதிர்த்துச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024 ஜூனில், அதே ஆலை வேலைக்குத் திருமணமான பெண்களை எடுக்காமல் ஒதுக்குவதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. இரண்டு மாதத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நுணுக்கமான வேலைக்குச் சிறிய கைகள் நல்லவை என்று சொல்லி எடுக்கிறார்கள். அந்தக் கைகள் செய்து அனுப்பும் போனை அந்தக் கைகளால் ஒரு கையில் பிடிக்க முடியாது.

போன பொங்கலுக்குக் கயல் ஊருக்கு வந்தபோது நாமக்கல் பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். முகம் தெளிந்திருந்தது. அந்தப் பையனைப் பற்றி அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கையில் புதிய போன். என்னிடம் கேட்காமல் வாங்கியது. என் கையில் கொடுத்தாள். வழக்கம்போல எடை பார்த்தேன், ஓரத்தைத் தடவினேன். அவள் என் விரலைப் பிடித்து மூலையில் ஓரிடத்தில் வைத்தாள். "இங்க நகத்த வெச்சுப் பாருங்கம்மா, சட்டமும் கண்ணாடியும் சேருற இடத்துல லேசா மேடு தட்டுதா? எங்க லைன்ல இத ரிஜெக்ட் பண்ணிருவோம்" என்றாள். எனக்குத் தட்டுப்படவே இல்லை. இருபது ஆண்டுப் பித்து அந்த நகத்தின் முன்னால் ஒன்றுமில்லை.

"விரல் பதிஞ்சிருக்கியா?" என்றேன்.

"இல்லீங்கம்மா. எண்ணு மட்டும்தான். ஆலைக்குள்ள போறப்ப லாக்கர்ல வெச்சுட்டுப் போயிருவோம். எட்டு மணி நேரம் அது என் கையில இருக்காது. ஆனா யாரும் தொறக்க முடியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க போன்ல யார் விரலெல்லாம் இருக்குங்கம்மா?" என்றாள்.

வேடிக்கையாகத்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்து அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். விரல் ஒன்று, விரல் இரண்டு. ஒன்று என்னுடையது, இரண்டாவது என் இணையருடையது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வாங்கிய அன்றே நானே பதிந்தது, அவர் கேட்கவே இல்லை. அவர் போனில் என் விரல் இல்லை. அதை நானும் கேட்டதில்லை.

இரண்டாவதை அழித்தேன். காலையில் காபி குடிக்கும்போது சொன்னேன். "ஏன், நான் என்ன எடுத்துப் பாத்தேன்?" என்றார். முகம் வாடிவிட்டது. அவர் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அதையும் சொன்னேன். பதில் பேசாமல் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் போனேன். அவருக்கு நான்கு இலக்க எண் ஒன்று வைத்துக்கொடுக்கலாம் என்று போனை எடுத்தேன். எந்த எண் வேண்டும் என்று கேட்டேன். சொல்லவில்லை. "நீ அந்தப் பக்கம் திரும்பு கண்ணு" என்றார்.